ஒரு காரின் சில்லு மற்றொரு காருக்குப் பொருந்துமாறு

மோட்டார் கார் வாங்கிய இளைஞர் அடுத்த மாதமே அதன் சில்லுகளை மாற்ற விரும்புவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. இயந்திரத்தை மாற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டும். நிறம் பூசுவதற்குப் பல நாட்கள் வேண்டும். சில்லோ நான்கைந்து நட்டுகளைக் கழற்றியதும் கைக்கு வந்துவிடுகிறது. அதிலும், பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றிலிருந்து கழற்றிய அலோய் சில்லுத் தொகுதி விலைக்கு வந்திருக்கிறது என்ற செய்தி செவிப்பட்டால், வாங்கிய பின்னரே அது தம் காருக்குப் பொருந்துமா என்று சிந்திப்பவர் பலர். விழா மலரொன்றில் கல்லூரி வரலாறும் ஆசிரியர் புகழும் இடம்பெறுவதே முறை. ஆயினும் நம் பழைய மாணவருட் பலர் இன்று மலைவீதிகளில் நாள்தோறும் கார் செலுத்துவோராகவும், சிலர் அவற்றைத் திருத்துவோராகவும் இருத்தலின், இப்பொருள் பற்றியும் சில பக்கங்கள் எழுதுதல் தகும் எனக் கருதினோம்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில செல்லும் வீதியை அறியாதார் நம்மிடையே இலர். அங்கிருந்து ஹுலுகங்கை, மடுல்கலைப் பக்கம் ஏறினால் ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரும் காட்சி தரும். ஏறும்போது காருக்குத் துன்பம் பெரிதன்று. துன்பமெல்லாம் இறங்கும்போதே. வளைவுதோறும் காரின் நிறை வெளிப்பக்கச் சில்லுகள் மேற் சாய்கிறது, பிறேக் கொதிக்கிறது, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் சில்லைப் பிடித்திருக்கும் தண்டுகள் அதிர்கின்றன. சமநிலத்து நெடுஞ்சாலையில் ஓராண்டு வெளிப்படாது கிடக்கும் குறையை இவ்வீதி ஒரு மாதத்தில் வெளிக்கொணர்ந்துவிடும். மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 முதல் நுவரெலியாவிலே நடந்துவரும் நம் நாட்டில், மலைவீதியும் வேகக்காரும் ஒன்றையொன்று அறியாதனவல்ல. ஆனால் போட்டிக்கார் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் சோதிக்கப்படுகிறது. நம் காரோ ஞாயிற்றுக்கிழமை கழுவப்படுகிறது, அவ்வளவே.

ஒன்றினதை மற்றொன்றில் மாட்டும் பழக்கம் நம்மவர்க்கு ஆடம்பரத்தால் மட்டும் வந்ததன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் உயிருடன் வைத்திருந்தது இந்தக் கைத்திறனே. பின்னர் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த காரையே புதுக்குவதன்றி வேறு வழியிருக்கவில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் யப்பானிலிருந்து வந்த பழைய சில்லுகள் அடுக்கடுக்காய்க் கிடப்பதைக் கண்டவர்க்கு இதன் பெருக்கம் விளங்கும். ஆகவே மாற்றாதீர் என்று சொல்வது எம் நோக்கமன்று. ஏறும் சில்லெல்லாம் பொருந்தும் சில்லாகாது என்பதையே விளக்க முற்படுகின்றோம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைவுகூர்வோம். நடுவே குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால், சுற்றிலும் வட்டை, கழன்றுவிடாது காக்கும் கடையாணி. மோட்டார்ச் சில்லிலும் இவ்வுறுப்புகளே பிற வடிவிற் காணப்படுகின்றன. ஆனால் வண்டியிற் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும் குடம், காரில் அச்சோடு சேர்ந்துவிட்டது. கராஜில் இதனை 'ஹப்' என்பர். கடையாணி ஒன்றின் தொழிலை நான்கு அல்லது ஐந்து தண்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. இத்தண்டுகளின் நடுப்புள்ளிகளினூடே வரையும் வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்று வழங்குவர். சில்லின் துளைகளும் அதே அளவு வட்டத்தில் அமைந்திருத்தல் முதலாவது நிபந்தனை.

இவ்வளவைப் பற்றிக் கடைக்காரர் யாவரும் அறிவர். இடர் விளைவது அளவு பெரிதும் வேறுபடும்போதன்று, ஏறத்தாழ ஒத்திருக்கும்போதே. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1961இல் வந்த அதன் உடன்பிறப்பான எம்.ஜி. மிட்ஜெற், 1959இல் வந்த மினி ஆகிய மூன்றும் நான்கு தண்டு, 4 அங்குல வட்டம் கொண்டவை. அதாவது 101.6 மில்லிமீற்றர். ட்ரையம்ப் ஸ்பிற்பயரின் வட்டம் 3¾ அங்குலம், எம்.ஜி.பி.யினது 4½ அங்குலம். ஆதலின் ஸ்பிற்பயர் சில்லை மிட்ஜெற்றில் மாட்ட முயல்பவர் முதற் கணத்திலேயே தோற்றுத் திரும்புவார், எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் 1989இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ் 5 காரின் வட்டம் 100 மில்லிமீற்றர். அதன் இலேசான அலோய் சில்லைப் பழைய மிட்ஜெற்றில் வைத்தால் அது ஏறிவிடும்! துளைகள் தண்டுகளைவிடச் சற்றே பெரியனவாதலால் தண்டுகள் நுழைந்துவிடுகின்றன, நட்டுகளும் இறுகிவிடுகின்றன. பார்ப்பவர், "பார், அளந்து செய்ததுபோல் இருக்கிறது" என்று மகிழ்வர்.

நடந்தது யாதெனிற் பாருங்கள். வட்டங்களின் வேறுபாடு 1.6 மில்லிமீற்றர். ஆகவே ஒவ்வொரு துளையும் தன் தண்டுக்கு 0.8 மில்லிமீற்றர் உட்புறமாக நிற்கிறது. நட்டின் கூம்புமுகம் துளையின் கூம்புக் குழியிற் சுற்றிலும் படிய வேண்டியிருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் முட்டிக்கொண்டு தண்டினை உள்நோக்கி வளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் 14 அங்குலச் சில்லுக்குரிய 185/60 ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 550 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அவ்வளைந்த தண்டு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை தளர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் இறுதியில் முறிவதுபோல உருக்கும் களைத்துப்போகும். முதலில் ஒரு தண்டு முறியும். அதன் பங்கை மற்ற மூன்றும் சுமக்கும். அதன்பின் நெடுநேரம் செல்வதில்லை.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். காரின் நிறையைத் தண்டுகள் தோளிற் சுமப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. நட்டை இறுக்கும்போது தண்டு வில்போல் நீண்டு சில்லைக் குடத்தின் முகத்தோடு நெருக்குகிறது. 12 மில்லிமீற்றர்த் தண்டிலே நட்டினை 108 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கினால், ஒரு தண்டு மட்டும் ஏறத்தாழ 4 தொன் நிறைக்குச் சமமான விசையால் நெருக்கும். அந்நெருக்கத்தினால் எழும் உராய்வே சில்லைத் தாங்குகிறது. நட்டு ஒரு பக்கமாக முட்டி நின்றால், நாம் முறுக்கும் வலிமையின் பெரும்பகுதி வளைவிலும் உரசலிலும் வீணாகிறது. கைக்கு இறுக்கமாய்த் தோன்றினும் சில்லும் குடமும் நெருங்கியிரா. துருவும் புதிய நிறப்பூச்சும் குடத்தின் முகத்திற் படிந்திருந்தாலும் இதே விளைவுதான். ஆதலாற் கம்பித் தூரிகையால் அம்முகத்தைத் துலக்குவது சிறு வேலையாயினும் தவிர்க்கத் தகாதது.

இனி நட்டின் முகம். ஹொண்டா நிறுவனத்தின் தொழிற்சாலைச் சில்லுகளில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவினது; மஸ்டா, ரொயோட்டா முதலியவற்றின் அலோய் சில்லுகள் பலவற்றிற் கூம்பு வடிவினதோ தட்டையானதோ ஆகும். உருண்டைக் குழியிற் கூம்பு நட்டினை இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் அவை தொடுகின்றன. அலுமினியம் அந்தக் கோட்டில் நசுங்கும். நசுங்க நசுங்க நட்டுத் தளரும். சில்லோடு அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்குவதே அறிவுடைமை. எனினும் நட்டின் புரி நம் காரின் தண்டுக்கு இயைய வேண்டுமன்றோ? ஹொண்டா, மஸ்டா, மிற்சுபிசி கார்களின் 12 மில்லிமீற்றர்த் தண்டுகளில் புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. நிசான், சுபாரு கார்களில் 1.25. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ரொயோட்டா ஜி.ரி. 86 என்னும் கார் ரொயோட்டாவின் பெயர் தாங்கியும் சுபாரு தொழிற்சாலையில் உருவானதாதலால், அதன் தண்டுப் புரி 1.25. பெயர்ப்பலகையை நம்பி நட்டு வாங்குவோர் இங்கே ஏமாறுவர். பிழையான நட்டு இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறிப் பின் இறுகும். அப்போது நீண்ட குழாயைச் சாவியில் மாட்டி ஏறி மிதிக்கும் வழக்கம் சிலரிடமுண்டு. அவ்வாறு மிதித்தபின் தண்டினை மாற்றுவதன்றி வேறு பரிகாரமில்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கே காண்பதற்கு ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஹொண்டா எஸ் 2000. 1999 முதல் 2009 வரை உருவாக்கப்பட்டது. மற்றையது மஸ்டா எம்எக்ஸ் 5இன் மூன்றாந் தலைமுறை. 2005 முதல் 2015 வரையிலானது. இரண்டும் இருவர் அமரும் திறந்த கார்கள். இரண்டுக்கும் ஐந்து தண்டு. வட்டம் இரண்டுக்கும் 114.3 மில்லிமீற்றர், புரியும் ஒன்றே. தாளிற் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சோடி கிடையாது. ஹொண்டாவின் சில்லை மஸ்டாவிற் பொருத்த முயல்வோம்.

முதல் தடை நடுத்துளை. குடத்தின் நடுவே புடைத்து நிற்கும் வளையத்தின் மேற் சில்லின் நடுத்துளை இறுக்கமாய் அமர்ந்தே சில்லு மையங்கொள்கிறது. மஸ்டாவின் வளையம் 67.1 மில்லிமீற்றர், ஹொண்டாச் சில்லின் துளை 64.1. சுற்றிலும் 1.5 மில்லிமீற்றர் குறைவு. ஆகவே சில்லு குடத்தின் முகத்தைத் தொடாது முன்னேயே நின்றுவிடும். நட்டை இறுக்கி இழுத்துவிடலாம் எனக் கருதுவது பெருந்தவறு. தேர்ந்த கடைச்சற்காரர் ஒருவரிடம் கொடுத்து, சில்லின் பின்முகத்தை ஆதாரமாகக் கொண்டு கடைச்சல் இயந்திரத்தில் மையம் பிசகாது அகலப்படுத்த வேண்டும். கையரத்தாலும் சாணைச் சில்லாலும் அகழ்ந்த துளை வட்டமாயிராது. மறுதலையாக, மஸ்டாவின் சில்லை ஹொண்டாவில் மாட்டினால் துளை பெரிதாயிருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் போதும். பிளாஸ்ரிக் வளையமும் விற்கிறார்கள், அலுமினிய வளையமும் விற்கிறார்கள். பிறேக் கொதிக்கும் நம் இறக்கங்களுக்கு அலுமினியமே ஏற்றதென்பது எம் கருத்து.

இரண்டாவது தடை, கராஜ்களில் 'ஒப்செற்' எனப்படுவது. சில்லின் அகலத்தை இருகூறாக்கும் நடுக்கோட்டுக்கும், குடத்தைத் தொடும் அதன் முகத்துக்கும் இடையேயுள்ள தூரமே அது. சில்லின் மீது 'ஈ.ரி.' என்னும் ஈரெழுத்தோடு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மன் சொல்லொன்றின் சுருக்கம் அது. எண் பெரிதாக ஆகச் சில்லு காரின் உட்புறம் செல்லும். சிறிதாக ஆக வெளியே வரும். எஸ் 2000இன் தொடக்ககால முன்சில்லு 6½ அங்குல அகலம், 55 மில்லிமீற்றர் ஒப்செற். பின்சில்லு 7½ அங்குலம், 65 மில்லிமீற்றர். மேற்சொன்ன மஸ்டாவின் 17 அங்குலச் சில்லு 7 அங்குல அகலம், 55 மில்லிமீற்றர். அகலத்திற் பாதியோடு ஒப்செற்றைக் கூட்டினால், குடத்தின் முகத்திலிருந்து சில்லு எவ்வளவு உள்ளே செல்கிறது என்பது வரும். மஸ்டாவின் சில்லு 143.9 மில்லிமீற்றர் உட்செல்கிறது. ஹொண்டாவின் முன்சில்லு 137.5, பிரச்சினை இல்லை. பின்சில்லோ 160.2! அதாவது 16 மில்லிமீற்றருக்கு மேல் அதிகமாக உட்புகுந்து, ஷொக்கையும் அதனைத் தாங்கும் கைகளையும் நெருங்கிவிடும். நான்கு சில்லுக்கும் விலை கொடுத்தவர், இரண்டு பொருந்துவதையும் இரண்டு தகராறு செய்வதையும் காண்பார். ஒரே காரின் முன்சில்லும் பின்சில்லுமே ஒன்றற்கொன்று மாற்றாக மாட்டா என்றால், இரண்டு கார்களுக்கிடையே எத்துணை விழிப்பு வேண்டும்!

உட்புகும் சில்லை வெளியே தள்ள 'ஸ்பேசர்' என்னும் தகட்டினைக் குடத்துக்கும் சில்லுக்கும் நடுவே வைப்பதுண்டு. தகடு தடிக்கத் தண்டின் புரிகளில் நட்டுக்குக் கிடைப்பவை குறையும். தண்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட்டுப் புரியேற வேண்டும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுவிதி. 12 மில்லிமீற்றர்த் தண்டில், 1.5 புரியாயின் 8 முழுச் சுற்றுகள், 1.25 ஆயின் ஏறக்குறைய 10. நட்டினைக் கையாற் சுற்றி எண்ணிப் பார்த்தாலே போதும்; அளவுகோல் தேவையில்லை. எண்ணிக்கை குறைந்தால் நீண்ட தண்டுகளை இட வேண்டும், அல்லது அந்தத் தகட்டை எறிந்துவிட வேண்டும். ஒப்செற் பெரிதும் மாறினால் ரயர் நிலத்தைத் தொடும் இடம் ஸ்ரியறிங் திரும்பும் அச்சை விட்டு விலகுகிறது. வளைவுகளில் கைக்குப் பாரம் கூடும். பள்ளங்களில் ஸ்ரியறிங் கையை உதறும். பெயாரிங்கும் விரைவில் இரையத் தொடங்கும். மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும் சில்லு கம்பீரமாகத் தோன்றலாம். மழைநாளிற் பின்னே வருபவர் கண்ணாடிக்குச் சேறு வாரி இறைப்பதும் அதுவே.

உயரம் பற்றிச் சுருங்கச் சொல்வோம். முதலாந் தலைமுறை எம்எக்ஸ் 5இன் 185/60 அளவு, 14 அங்குல ரயரின் விட்டம் 578 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 205/50 அளவு, 16 அங்குல ரயரை இட்டால் விட்டம் 611 ஆகும். ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு அதிகம். வேகமானி 60 காட்டும்போது கார் உண்மையில் 63க்கு மேல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிறேக்கும் அதே அளவுக்கு வலுவிழக்கும், ஏனெனில் நிறுத்த வேண்டிய சில்லின் நெம்புகோல் நீண்டுவிட்டது. சில்லைச் சிறிதாக்கினால் வேறு தொல்லை. 1962க்குப் பின் வந்த மிட்ஜெற்றின் முன் டிஸ்க் பிறேக் 8¼ அங்குல விட்டமுடையது. மினியின் 10 அங்குலச் சில்லுக்கு அதே 4 அங்குல வட்டம் உண்டென்று கொண்டுவந்தால், கலிப்பர் அதனுள் அடங்காது. பந்தயங்களிற் புகழ்பெற்ற மினிலைற் சில்லுகள் மினிக்கும் கிடைக்கின்றன, மிட்ஜெற்றுக்கும் கிடைக்கின்றன. முகம் ஒன்றே, அளவு வேறு. தொடக்கத்தில் அவை மக்னீசியக் கலவையால் வார்க்கப்பட்டவை. அவ்வுலோகம் மிக இலேசானது. ஆனால் ஈரத்தில் அரிப்புண்ணும் இயல்பினது. நம் மலைநாட்டு மழையில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருந்த மக்னீசியச் சில்லைக் காட்சிக்கு வைப்பதே மேல்.

பழைய எம்.ஜி. ரி.சி. போன்ற கார்களைப் பேணுவோர்க்காக ஒரு குறிப்பு. 1945 முதல் 1949 வரை வந்த அக்காரின் கம்பிச் சில்லு பல தண்டுகளாற் பிணைக்கப்படுவதன்று. பல்வரி வெட்டிய குடத்தின் மேற் செருகி, இரு சிறகுடைய ஒற்றை நட்டால் இறுக்கப்படுவது. காரின் இடப்பக்கக் குடத்துக்கு வலம்புரி. வலப்பக்கக் குடத்துக்கு இடம்புரி. முன்னோக்கி ஓடும்போது நட்டுத் தளராது இறுகும் பொருட்டு அவ்வாறு அமைத்தனர். அச்சினைத் திருத்தும்போது குடங்களைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டால் ஓட ஓட நட்டுக் கழலும். பல்வரி தேய்ந்த குடத்திற் புதுச் சில்லை மாட்டுவதும் வீண். தேய்ந்த பல் புதுப் பல்லையும் தின்றுவிடும்.

பழைய அலோய் சில்லு வாங்குவோர் பின்முகத்தையே முதலிற் பார்க்க வேண்டும். யப்பானிய அலோய் சில்லுகளில் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற முத்திரையும் பலவற்றில் 'வி.ஐ.ஏ.' என்பதும் காணப்படும். அந்நாட்டின் வலிமைச் சோதனைக்கு உட்பட்டமையை அவை குறிக்கும். போலி முத்திரையும் உண்டாகையால் அதனோடு நின்றுவிடலாகாது. ஆரக்கால் தொடங்கும் மூலைகளிலும் நட்டுக் குழிகளைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு உண்டா என நன்கு கழுவித் துடைத்த பின் வெயிலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். வெடிப்பை ஒட்டித் தேய்த்துப் புது நிறம் பூசி விற்பது எளிது; அவ்வாறு ஒட்டிய சில்லு மலைவீதிக்கு ஆகாது. புது நிறம் பூசிய சில்லை ஐயத்தோடும், பழைய அழுக்கோடு கிடக்கும் சில்லை நம்பிக்கையோடும் நோக்குவது எம் வழக்கம்.

அளவெல்லாம் ஒத்த பின் மாட்டும் முறை கடினமன்று. குடத்தின் முகத்தைத் துலக்குக. தண்டின் புரிக்கு எண்ணெய் பூசற்க. பூசினால் அதே முறுக்கு தண்டினை வேண்டியதைவிட மிகுதியாக இழுத்துவிடும். ஜாக்கி தூக்கிய நிலையில் நட்டுகளைக் கையால் ஏற்றி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மெல்ல இறுக்கி, சில்லு நிலத்தைத் தொட்ட பின் முறுக்களவு காட்டும் சாவியால் முடிக்க. எஸ் 2000க்கு 108 நியூற்றன் மீற்றர்; மஸ்டாவுக்கு 88 முதல் 118 வரை. பின் ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒருமுறை வெறுங்காராகவும் ஒருமுறை நால்வரை ஏற்றியும், இருவர் அமரும் காராயின் இருவரையும் சுமையையும் ஏற்றியும், ரயர் எங்கேனும் உரசுகிறதா எனப் பார்க்க. பன்வில வீதியில் முதன்முறை கண்டிக்குப் போய்வந்ததும், சில்லு ஆறிய பின் அதே சாவியால் மீண்டும் ஒருமுறை சோதிக்க. புது அலோய் சில்லு முதற் சில கிலோமீற்றர்களில் படிந்து இடங்கொடுப்பது இயல்பு.

இறுதியாக, பெட்டியிற் கிடக்கும் ஸ்பெயார் சில்லு. நான்கும் மாற்றியவர் ஐந்தாவதை மாற்றுவதில்லை. அது பழைய உருக்குச் சில்லாகவே இருக்கும். அலோய் சில்லுக்கென வாங்கிய நட்டுகள் அதற்குப் பொருந்தாமற் போகலாம். மடுல்கலை இறக்கத்தில், இரவில், மழையில் இதனை அறிந்துகொள்வது இன்பமானதன்று. கழற்றிய பழைய நட்டுகளை ஒரு துணிப் பையிற் கட்டி, ஸ்பெயார் சில்லின் அருகிலேயே வைத்துவிடுக.